வெள்ளி இல்லாத படங்கள்

"இதுல வெள்ளி இல்ல சார். இருந்திருந்தா உங்க கைக்கே வந்திருக்காது."

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அவர் முன்னால் மூடியில்லாத மிக்ஸி ஜார், பத்துப் பன்னிரண்டு ரிமோட்டுகள், ஒற்றைக் கால் ஸ்கேட்டிங் ஷூ, ஊதுபத்தி ஸ்டாண்டு, அதற்கு நடுவே ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் இரண்டு அங்குலச் சதுர அட்டைகள் நெருக்கியடித்து நின்றன. ஒன்றை உருவி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய செவ்வகத்துக்குள் ஒரு மொட்டைமாடி, கொடியில் காயும் சிவப்புப் புடவை, வடாம் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பையன். ஐந்நூறு சொன்னார், முந்நூறுக்குக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்தே விலை சொல்லியிருப்பார். கறுப்பு வெள்ளை நெகட்டிவும் எக்ஸ்ரே பிலிமும் கிடைத்தால் எடுத்துப்போக ஆள் உண்டு, இந்தக் கலர் சாமானை எவனும் சீண்டமாட்டான் என்று பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

அவர் சொன்னது வேதியியல்படி சரி. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவதே நுண்ணிய வெள்ளித் துகள்தான். அதனால்தான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்களை மொத்தமாக வாங்கி வெள்ளியைப் பிரித்தெடுக்க ஒரு தொழிலே நடக்கிறது. உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் தயாரான 'இந்து' பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் எத்தனை வீட்டுக் கல்யாணங்களையும் எத்தனை பேர் விலா எலும்புகளையும் சுமந்தபடி அந்தத் தொட்டிகளில் இறங்கியிருக்கும்! கலர் ஸ்லைடுக்கும் வெள்ளி உப்புதான் ஆரம்பம். ஆனால் கழுவும்போதே வெள்ளி முழுக்க வெளுக்கப்பட்டு லேபிலேயே கழன்றுவிடும். வீட்டுக்கு வருவது மஞ்சள், மெஜந்தா, சயான் என்ற மூன்று சாயங்கள் மட்டும். காய்ச்சினாலும் காலணா தேறாது. அந்தப் பிஸ்கட் டின் பிழைத்தது அதனால்தான்.

கண்ணாடி நெகட்டிவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை ஸ்டூடியோக்காரர் பழைய கண்ணாடி நெகட்டிவ்களை வெந்நீரில் ஊறப்போட்டு, சுரண்டி, சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் கொடுப்பார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தலைப்பாகை வைத்த ஒருவரின் முகம் மேலுதடு வரை உரிந்து வாளியில் விழுந்தது. பிறகு அதே கண்ணாடிக்குப் பின்னால் முருகன் வந்து நின்றிருப்பார். பல வருடம் கழித்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்ததைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வாளிதான்.

நான் முதன்முதலில் பார்த்த ஸ்லைடும் கண்ணாடிதான். ஊர்க்கோடியில் ஒரு டூரிங் கொட்டகை. படம் போடுமுன் விளம்பர ஸ்லைடுகள் வரும். உள்ளூர் ஜவுளிக்கடை, சைக்கிள் வாடகைக் கடை, பல்பொடி, 'அமைதி காக்கவும்', 'புகை பிடிக்காதீர்கள்'. அந்தக் கடைசி ஸ்லைடு பீடிப் புகைக்கு நடுவேதான் தெரியும். எல்லாம் கையால் எழுதியவை. உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கலர் மையால் எழுதி, மேலே இன்னொரு கண்ணாடி வைத்து மூடி, நாலு விளிம்பிலும் கறுப்புக் காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். அவசரச் செய்தி என்றால் ஆபரேட்டர் மசி பூசிய கண்ணாடியில் ஊசியால் கீறிவிடுவார்: டாக்டர் உடனே வாசலுக்கு வரவும். கொட்டகை முழுக்கத் திரும்பி டாக்டரைத் தேடும். அவர் தட்டுத் தடுமாறி எழுந்து போவது பாதிப் படத்துக்குச் சமம். விளக்குச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடுவதும் உண்டு. ஜவுளிக்கடைப் பெண்ணின் கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. கடைக்காரர் புதுக் கண்ணாடிக்குக் காசு கொடுக்கவில்லை போலிருக்கிறது, மூன்று வருடம் அந்தக் கோட்டோடுதான் அவள் சிரித்தாள்.

கொட்டகையைப் பிரித்தபோது ஆபரேட்டரிடம் கெஞ்சி 'இடைவேளை' ஸ்லைடை வாங்கி வந்தேன். இரண்டு தாமரைக்கு நடுவே சிவப்பு எழுத்து. என் சேகரத்தில் முதல் உருப்படி அதுதான். அதைச் சேகரம் என்று நான் சொல்ல ஆரம்பித்தது முப்பது வருடத்துக்குப் பிறகு.

கொட்டகைக்கு அடுத்தபடி எங்கள் வீட்டுக் கூடம். பெரியப்பா கப்பலில் ரேடியோ ஆபீஸராக இருந்தார். வருடத்தில் ஒரு தீபாவளியோ பொங்கலோ ஊரில் இருப்பார். வரும்போது டிரங்குப் பெட்டியில் வாசனை சோப்புக்கு அடியில் மஞ்சள் பெட்டிகள் இருக்கும். சிங்கப்பூரில் வாங்கின கோடாக்ரோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்துச் சுவரில் எட்டு முழ வேட்டியை நாலு ஆணியில் இழுத்துக் கட்டுவார்கள். புரொஜெக்டர் அரிசி டின்மேல் ஏறும். லைட்டை அணைத்ததும் வேட்டியில் ஒரு வெள்ளைச் சதுரம். அதில் கையால் மான், நாய் காட்டி உதை வாங்கிய பிறகு படம் ஆரம்பமாகும். ஏடன் துறைமுகம், பினாங்குக் கோவில், பனி பெய்த ஏதோ ஒரு ஊரில் கோட்டுக்குள் ஒடுங்கி நிற்கும் பெரியப்பா. ஒவ்வொரு படத்துக்கும் தட்டை இந்தப் பக்கம் தள்ளி அந்தப் பக்கம் இழுக்கவேண்டும். அந்த 'சடக்' என்ற ஓசை கேட்டதும் யாரோ ஒருவர் "அடுத்தது, அடுத்தது" என்பார்.

பனியையும் கப்பலையும் பார்த்து நாங்கள் வாய் பிளந்தாலும் எல்லோரும் காத்திருந்தது கடைசி நாலைந்து படத்துக்குத்தான். போன தடவை வந்தபோது எங்களையே எடுத்தவை அவை. கிணற்றடியில் பாட்டி. திண்ணையில் அப்பா. வேட்டியில் ஆளுயரத்துக்குப் பாட்டி வந்ததும் பாட்டியே எழுந்து பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். படத்தின் பாதி அவள் முதுகில் விழுந்தது. "ஒக்காரும்மா, கெணறு தெரியல" என்று அப்பா சத்தம் போட்டார்.

ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக விழும். புரொஜெக்டரில் போடுகிறவன் முதலில் கற்கும் பாடம் அது. இரண்டாவது பாடம் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பது. பளபளப்பான பக்கம் வெறும் பிலிம். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. கோடாக்ரோமாக இருந்தால் அந்தப் பக்கத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது உருவங்கள் செதுக்கியதுபோல் மேடுபள்ளமாகத் தெரியும். மாற்றிப் போட்டால் உலகம் இடம் வலம் மாறிவிடும். எனக்குக் கிடைக்கிற பெட்டிகளில் பாதி ஸ்லைடுகள் யாரோ கழற்றி மாட்டி, பக்கம் மாறியவை. கடைப் பெயர்ப்பலகை இருந்தால் தமிழ் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். இல்லாவிட்டால் புடவை மேலாக்கைப் பார்ப்பேன். கல்யாணப் படத்தில் பெண்கள் அத்தனை பேரும் வலது தோளில் மேலாக்குப் போட்டிருந்தால் தவறு அவர்களுடையதல்ல. சட்டைப் பை, கைக்கடிகாரம், சாப்பிடுகிற கை என்று அடுத்தடுத்த சாட்சிகள் உண்டு. ஊரே இடது கையால் சாப்பிடாது.

தெரியாத வீட்டுப் படத்தை இப்படித் துப்பறிவதில் ஒரு சபலம் இருக்கிறது. கோடாக் அட்டைகள் பலவற்றின் ஓரத்தில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். ஆரம்பத்தில் அதைப் படம் எடுத்த மாதம் என்று நினைத்து நோட்டில் எழுதி வைத்தேன். பிறகுதான் அது லேபில் கழுவிய மாதம் என்று தெரிந்தது. ஒரே ரோலில் கொலுவும் மாங்காய் ஊறுகாய் போடுவதும் வந்தபோது சந்தேகம் தட்டியது. முப்பத்தாறு படத்தை எங்கள் மக்கள் சிக்கனமாகச் செலவழிப்பார்கள். நவராத்திரியில் தொடங்கிய ரோல் சித்திரையில் முடியும்.

கோடாக்ரோமைக் கழுவுவது சாதாரண வேலையல்ல. மற்ற கலர் பிலிம்களில் சாயம் உண்டாக்கும் பொருள் பிலிமுக்குள்ளேயே இருக்கும். இதில் கிடையாது. இது மூன்று கறுப்பு வெள்ளைப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய பிலிம். நிறமெல்லாம் கழுவும்போது லேபில் ஒவ்வொன்றாக ஏற்றப்படும். கண்டுபிடித்தவர்கள் இரண்டு சங்கீதக்காரர்கள்: பியானோ வாசித்த லியோபோல்டு மேனஸ், வயலின் வாசித்த லியோபோல்டு கோடௌஸ்கி. இருட்டறையில் கடிகார வெளிச்சம் பட்டாலும் பிலிம் கெட்டுவிடும் என்பதால் பிராம்ஸின் சிம்பொனியை விசிலடித்தே நேரத்தைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பாட்டி அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டுக் கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பிப்பாள். கவசம் முடிந்தால் பருப்பு வெந்திருக்கும். ஒருநாளும் குழைந்ததில்லை, ஒருநாளும் நறுக்கென்று இருந்ததில்லை. கடிகாரம் எங்கள் வீட்டிலும் கூடத்தில்தான் இருந்தது.

1935இல் சினிமா பிலிமாகவும் அடுத்த வருடம் 35 மி.மீ. ஸ்லைடு பிலிமாகவும் வந்தது கோடாக்ரோம். 2009இல் தயாரிப்பை நிறுத்தப்போவதாகக் கோடாக் அறிவித்தது. அப்போது உலகத்தில் அதைக் கழுவிக்கொண்டிருந்தது ஒரே ஒரு லேப், அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்ற சிற்றூரில். 2010 டிசம்பர் 30ஆம் தேதிக்குப் பிறகு அவர்களும் ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆக, இன்று யார் வீட்டு அலமாரியிலாவது கழுவாத கோடாக்ரோம் ரோல் கிடந்தால் அதிலிருந்து கறுப்பு வெள்ளையாகத்தான் ஏதாவது மீட்கமுடியும். அந்தச் சிவப்புப் புடவை சிவப்பாக வராது. ஸ்லைடு புரொஜெக்டரையும் கோடாக் 2004இலேயே நிறுத்திவிட்டது.

இந்தப் பிலிமுக்கு விசித்திரமான ஒரு குணம். இருட்டில் கிடந்தால் அரை நூற்றாண்டு தாண்டியும் நிறம் மங்காது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் காட்டக் காட்ட வெளுக்கும். பழைய எக்டாக்ரோம் இதற்கு நேர்மாறு. திரையில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பெட்டியில் சும்மா கிடக்கும்போதே நிறம் போய் எல்லோரும் நாவல்பழம் தின்றவர்கள்போல் ஆகிவிடுவார்கள். கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ பிலிமும் ஒரு காலத்தில் நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. என்னிடம் உள்ள ஓர்வோ ஸ்லைடுகளில் வயல் பச்சை எங்குமே பச்சையாக இல்லை. ஒரே பெட்டியில் மூன்று கம்பெனி ஸ்லைடுகள் இருந்தால், ஒரே குடும்பம் மூன்று விதமாக வயதாகியிருக்கும்.

பாட்டி படத்தைத்தான் எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் போடச் சொன்னோம். ஏடன் துறைமுகத்தை யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. கணக்குப்படி பார்த்தால், அந்தப் பெட்டியில் முதலில் வெளுத்திருக்கவேண்டியது பாட்டிதான்.

வெளுத்ததா என்று பார்க்க இப்போது அந்தப் பெட்டி இல்லை. பெரியப்பா போய் ஐந்து வருடம் கழித்து, 1994இல் கும்பகோணம் வீட்டைக் காலி செய்தோம். மற்றவர்கள் பாத்திரமும் பத்திரமும் பார்த்துக்கொள்ள, பரணைக் காலி செய்யும் வேலை எனக்கு வந்தது. புரொஜெக்டரின் பல்பு போயிருந்தது. மஞ்சள் பெட்டிகளைத் திறந்தேன். எல்லா ஸ்லைடுகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஒன்றைச் சட்டை நுனியில் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். துணியோடு படமும் வழித்துக்கொண்டு வந்தது. கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டி, பழைய பேப்பர்காரர் தராசில் பிளாஸ்டிக் சாமான்களோடு சேர்த்துப் போட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, எனக்கு அவசரமும் இல்லை. அன்றைக்கு அது குப்பையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஸ்லைடுக்கு நெகட்டிவ் கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கேமராவுக்குள் வெளிச்சம் பட்ட அதே பிலிம்தான் கழுவி, வெட்டி, அட்டையில் செருகப்பட்டு வீட்டுக்கு வருகிறது. கிணற்றடியில் பாட்டி நின்றபோது அவள்மேல் பட்டுத் திரும்பிய வெயில் எந்தப் பிலிமில் விழுந்ததோ அதையே நான் எடைக்குப் போட்டேன். அதற்குப் பிரதி எங்கும் இல்லை.

பூஞ்சை பிடித்த ஸ்லைடைத் தண்ணீரால் தொடக்கூடாது என்று பிற்பாடுதான் கற்றேன். படம் தங்கியிருப்பது ஜெலட்டின் படலத்தில். ஜெலட்டின் என்பது மாட்டெலும்பும் தோலும் காய்ச்சிய பசை, பூஞ்சைக்கு அது விருந்து. பூஞ்சை தின்று செரித்த இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் பதத்துக்கு வந்துவிடும். ஈரம் பட்டால் கூழாகும்.

இப்போது ஒரு ஸ்லைடைச் சுத்தம் செய்ய எனக்கு முக்கால் மணி ஆகும். மேசையில் லைட் பாக்ஸ். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ரப்பர் பல்பை அமுக்கி முதலில் தூசியை ஊதுவேன். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு ஒட்டக முடித் தூரிகையால் ஒரே திசையில் தடவல். அதற்கும் மசியாவிட்டால், பிளேடு நுனியால் அட்டையைப் பிளந்து பிலிமை வெளியே எடுப்பேன். படம் 36க்கு 24 மி.மீ.தான், அதைத் தாங்கும் துண்டு காற்றுக்குப் பறக்கும். தண்ணீர் கலக்காத ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சை மங்கலான பக்கத்தில் வைத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பு. பூஞ்சை லென்ஸ் வழியே பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான் கொடுமை. மார்கழிப் பனியில் யாரோ புள்ளியில்லாமல் போட்ட கோலம்போல வேர்விட்டுப் படர்ந்திருக்கும். மேலாக இருந்தால் போய்விடும். தின்றுவிட்டுப் போன தடம் போகாது. மேக்ரோ லென்ஸ் போட்டுப் படியெடுத்த பிறகு கம்ப்யூட்டரில் அந்தத் தடத்தை அழிக்கமுடியும். மூலத்தை எப்படிக் கிடைத்ததோ அப்படியே வைத்துவிட்டு, நகலில் மட்டும்தான் கை வைப்பேன்.

சென்னைக் காற்றில் ஈரம் ஒரு நிரந்தர விருந்தாளி. ஸ்லைடுகள் பாலிபுரப்பிலீன் உறைகளில், இறுக்கமான டப்பாக்களில், இரும்பு பீரோவின் நடுத்தட்டில் இருக்கின்றன. கடையில் சல்லிசாகக் கிடைக்கும் பிவிசி உறை நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை ஒரு முழு ஆல்பத்தைப் பலிகொடுத்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல். நீலமாக இருக்கும் மணி ஈரம் குடித்ததும் ரோஜா நிறமாகும். ஐப்பசியில் மாதம் இரண்டு தடவை அதைக் கொட்டி, அதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். "ஊரார் வீட்டுப் பாட்டிகளுக்கெல்லாம் நம்ம பீரோவுலதான் எடமா? என் பட்டுப்புடவைக்குக்கூட இவ்ளோ உபசாரம் கெடையாது" என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

இந்தப் பித்து எனக்கு மட்டும் இல்லை என்பதில் ஒரு சமாதானம். பாரிஸில் வசிக்கும் ஆங்கிலேயர் லீ ஷுல்மன் 2017இல் ஒரு பெட்டி பழைய ஸ்லைடு வாங்கிப் பார்த்து அதிலேயே விழுந்துவிட்டார். 'அனானிமஸ் புராஜெக்ட்' என்ற பெயரில் லட்சக்கணக்கில் சேர்த்து, புத்தகமும் கண்காட்சியுமாக ஆக்கினார். பிறந்தநாள் கேக், கடற்கரை, சோபாவில் தூங்கும் தாத்தா, எல்லாம் பெயரில்லாதவர்கள். அவர் படங்களைப் பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு மனம் போவது சார்ல்ஸ் குஷ்மன் பக்கம். 1938 முதல் 1969 வரை கோடாக்ரோம் எடுத்துத் தள்ளிய அமெரிக்கர், தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்ல. எந்த ஊர், எந்தத் தெரு, என்ன தேதி என்று படத்துக்குப் படம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். சுமார் 14,500 ஸ்லைடுகளைத் தாம் படித்த இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஒரு தெருப் பெயரைத் தேடி, அவர் நின்ற இடத்தில் போய் நிற்கமுடியும். ஷுல்மனின் பெட்டிக்கும் குஷ்மனின் பெட்டிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு பென்சில்.

பிஸ்கட் டின்னில் மொத்தம் 212 ஸ்லைடுகள் இருந்தன. ஒன்றில் மட்டும் எழுத்து இருந்தது. அட்டையின் கீழ் ஓரத்தில் பென்சிலால், சாய்ந்த தமிழில், 'கேஸ் வந்த அன்று'. ஓரத்தில் பொறித்திருந்தது ஜூன் 76.

சமையலறை. இடது பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம். மேடைமேல் இரண்டு பர்னர் அடுப்பு, பக்கத்தில் சிலிண்டர். சிலிண்டரின் தோளில் சந்தனமும் குங்குமமும். பின்சுவரில் விறகடுப்புக் காலத்துக் கரி ஆளுயரத்துக்கு அப்படியே இருக்கிறது. ஒரு பெண்மணி கேமராவைப் பார்க்காமல் அடுப்புத் திருகைத் திருப்புகிறார். அந்தக் கை மட்டும் கலங்கியிருக்கிறது. கோடாக்ரோம் அந்நாளில் 25, 64 ஏஎஸ்ஏ வேகத்தில்தான் வந்தது, சமையலறை வெளிச்சம் அதற்குப் போதாது. ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்திருக்கிறார் எடுத்தவர். திருகைத் திருப்பிய கை ஆடிவிட்டது. வளையல்கள் ஒரு தங்கப் புகையாகத் தெரிகின்றன. மேல் மூலையில் பூஞ்சை, ஆனால் அது கரிச்சுவரின் மேல்தான் படர்ந்திருந்தது. சுத்தம் செய்து முடித்தபோது இரவு ஒரு மணி.

டின்னின் அடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டியும் இருந்தது, கழுவிய படங்கள் தபாலில் திரும்பி வந்த பெட்டி. மூடியில் டைப் அடித்த முகவரிச் சீட்டு. திருவல்லிக்கேணியில் ஒரு சந்து. போனேன். அந்தக் கதவு எண்ணில் மூன்று மாடி ஃபிளாட்டு. காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. எந்தத் தெருவுக்கும் ஆவணக் காப்பகம் அதுதான். பெரியவர் சீட்டில் இருந்த பெயரைக் கேட்டதும் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இன்ஜினீர் வூடு. அவுரு தவறிட்டாரு. தங்கச்சிம்மா நங்கநல்லூர்ல கீறாங்க" என்றார்.

நங்கநல்லூரில் அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஸ்லைடை டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஐயோ, எங்க மன்னி!" என்றார். "இது பொங்கலுக்கு மொத நாள். அந்த வருஷந்தான் பொங்கப்பானைய கேஸ்ல வெச்சோம். அண்ணா போட்டோ எடுக்கறேன்னு மன்னிய அஞ்சு தடவ அடுப்ப அணச்சு அணச்சு ஏத்தச் சொன்னான். கேஸ் தீந்துடும்னு மன்னிக்கு ஒரே பயம்."

ஜனவரியில் எடுத்தது ஜூனில் கழுவப்பட்டிருக்கிறது. நோட்டில் திருத்திக்கொண்டேன்.

டின்னை அவரிடம் நீட்டினேன். கொடுப்பதற்காகத்தான் எடுத்துப் போயிருந்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "இத வெச்சுண்டு நான் என்ன பண்ணுவேன்? மெஷினும் இல்ல, எடமும் இல்ல. பசங்க அமெரிக்காவுல இருக்கா. வாட்ஸப்புல அனுப்பிடுங்கோ, போறும்." காபி கொடுத்தார். கிளம்பும்போது, "இத்தன வருஷம் இது எங்க இருந்தது?" என்று கேட்டார். பல்லாவரம் என்றேன். "மூணு ஸ்டேஷன்தான்" என்றார்.

மன்னியின் பெயரை அவர் சொல்லச் சொல்ல, 'கேஸ் வந்த அன்று' என்ற வரிக்குக் கீழே பென்சிலால் எழுதினேன். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அது அவர்கள் வீட்டுச் சொத்து. அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து 31 ஸ்லைடுகளுக்குப் பெயர் வாங்கினேன். வடாம் காவலுக்கு உட்கார்ந்திருந்த பையன் இப்போது தாத்தாவாம். மற்ற 181இல் இருப்பவர்கள் அவருக்கே தெரியாதவர்கள். அண்ணாவின் ஆபீஸ் நண்பர்கள், ரயில் சிநேகம், யாரோ வீட்டுக் கல்யாணம். தெரிந்த ஒரே ஆள் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்.

டின் மறுபடி என் பீரோவுக்கே வந்துவிட்டது, மன்னியும் மற்றவர்களும் மாதம் இரண்டு தடவை வறுத்த சிலிக்கா ஜெல்லோடு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

சந்தைக்குப் போகும்போதெல்லாம் மஞ்சள் பெட்டி எதையாவது பார்த்தால் முதலில் கிணறு இருக்கிறதா என்றுதான் வெயிலில் தூக்கிப் பார்க்கிறேன். கும்பகோணத்தில் எடைக்குப் போட்டது பல்லாவரத்தில் கிடைக்காது என்று தெரியும். எங்கள் பெட்டியில் எழுத்து ஒன்றும் இல்லை. யார் கையிலாவது அது இருந்தாலும், அவருக்கு அது கிணற்றடியில் ஒரு கிழவி, அவ்வளவுதான். பாட்டியின் பெயரை அட்டையில் எழுத எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பாட்டியைத் தெரியாதவர் கைக்கு அது போகும் என்று யார் நினைத்தார்கள்?

உங்கள் பரணில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். மெஷின் வேண்டாம், ஜன்னலுக்கு எதிரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தால் போதும். தண்ணீர் மட்டும் தொடாதீர்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். அதற்குப் பிறகு இடமில்லை என்று எடைக்கே போட்டாலும் போடுங்கள். அதில் வெள்ளி இல்லாததால் யாரும் உருக்கமாட்டார்கள், வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் நான் இருப்பேன்.